தோட்டத்து ஆள்

விடிந்ததிலிருந்து இசக்கித்தாய்க்கு இதே வேலை. மாடிப்படி ஏறுவாள், தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பாள், இறங்கி வருவாள். டேங்கர்காரன் ஊற்றிவிட்டுப் போன ஆற்றுத் தண்ணீர் தொட்டி நிறைய நின்றது. அப்படியும் அவளுக்கு மனசு ஆறவில்லை. வீட்டுக் கிணற்று மோட்டாரின் பீஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். யாராவது தெரியாத்தனமாகச் சுவிட்சைத் தட்டி, கிணற்று உப்புத் தண்ணீர் தொட்டியில் கலந்துவிட்டால் இந்தச் சம்பந்தமும் போச்சு.

"ஏங்க, கால் கழுவுத வாளியிலயும் இந்தத் தண்ணியத்தான் ஊத்தி வச்சிருக்கேன். அவுகளுக்கு வாய் கொப்புளிச்சாலே தெரிஞ்சுபோகும்" என்றாள்.

கொம்பையா "ம்" என்றார். காலையிலிருந்து அவர் வாயில் வந்தது அந்த "ம்" ஒன்றுதான்.

ஒரு கல்யாணத்துக்கு இத்தனை பாடா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கலாம். மகன் மணிராஜுக்கு வயசு முப்பதைத் தாண்டிவிட்டது. ஒற்றைப் பிள்ளை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பீடி கிடையாது, குடி கிடையாது. அப்படியிருந்தும் பெண் வீட்டார் வருவதும், ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பதும், முகத்தை முகம் பார்ப்பதும், "போயிட்டுச் சொல்லி விடுதோம்" என்று வண்டி ஏறுவதுமாகவே வருஷங்கள் போய்விட்டன. உப்புத் தண்ணீர் ஊருக்குத் தெரிந்தே யார் பெண் கொடுப்பார்கள்? பருப்பு வேகாது, பால் திரியும், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்பதெல்லாம் அப்புறம்தான், பெண்ணைப் பெற்றவள் முதலில் பார்ப்பது தண்ணீரை.

இன்றைக்கு வருகிறவர்களோ அம்பாசமுத்திரம் பக்கம். பாபநாசத்திலிருந்து இறங்குகிற தண்ணீரை முதல் ஆளாகக் குடிக்கிற ஊர்க்காரர்கள். அதே தாமிரபரணிதான் இங்கேயும் வருகிறது. வழியில் அத்தனை பேரும் குடித்து, குளித்து, பாய்ச்சிய பிறகு, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற இந்தக் கடைமடைக்கு வாலாட்டிக்கொண்டு கொஞ்சம் வந்து சேரும். சில வருஷம் அதுவும் வராது.

அப்படி வராத ஒரு வருஷத்தில்தான் கொம்பையா ஆழமாகப் போர் போட்டார். அண்ணன் அம்மையப்பன் தடுத்தார். "லேய், கடல் பக்கத்துல இருக்கு. நீ இங்கன அடியில உறிஞ்சினா அங்கன இருந்து உப்பு உள்ள ஏறும். உனக்கும் போவும், எனக்கும் போவும்" என்றார். கொம்பையா கேட்டாரா? டீக்கடையில் பத்துப் பேர் பார்க்க, "எங்க அண்ணனுக்கு நான் நல்லா இருந்தா வயிறு எரியும்வே" என்று அவர் சொன்ன சொல்லை ஊரே இன்னும் சொல்கிறது. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அப்பா வைத்துவிட்டுப் போன தோட்டம் ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்துதான் கிடந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு போக்குவரத்தும் அற்றுப்போனது.

முதல் போகம் வாழை நன்றாகத்தான் தார் போட்டது. கொம்பையா மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார். அடுத்த போகத்தில் இலையின் ஓரம் தீயில் காட்டியது மாதிரி கருக ஆரம்பித்தது. மனுஷர் என்ன நினைத்தார்? தண்ணீர் காணவில்லை, வாடுகிறது என்று நினைத்தார். மோட்டாரை இன்னும் கூடுதல் நேரம் ஓடவிட்டார். கருகக் கருகப் பாய்ச்சினார், பாய்ச்சப் பாய்ச்சக் கருகியது. உரம் வைத்தால் தேறும் என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொட்டினார், அதுவும் உப்போடு உப்பாகச் சேர்ந்தது. இப்போது வெயில் ஏறினால் வரப்போரம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. தள்ளுகிற தாரில் நாலைந்து சீப்பு நின்றால் அதிசயம். காயெல்லாம் பிஞ்சிலேயே நின்றுபோகிறது.

இந்த லட்சணத்தில்தான் பெண் வீட்டாரிடம் "செழிப்பான வாழைத்தோட்டம்" என்று தரகர் சொல்லி வைத்திருந்தார். அவர் பாளையங்கோட்டைக்காரர். தோட்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. சொல்லச் சொன்னவர் கொம்பையா.

பத்து மணி வாக்கில் வேன் வந்தது. பெண்ணின் அப்பா சங்கிலிபூதத்தான் ஆஜானுபாகுவான மனுஷர், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கூட அவர் சம்சாரமும் சொந்தக்காரப் பெண்கள் சிலரும். பெண் சுப்ரஜா வரவில்லை, அது வழக்கமில்லை. ஆனால் ஜாதகம் பொருந்திய நாளிலிருந்து அவளும் மணிராஜும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். "என்ன வேணும்னாலும் பேசு, தண்ணி விஷயத்துல மட்டும் வாயைத் தொறக்காத" என்று மகனிடம் கொம்பையா கறாராகச் சொல்லி வைத்திருந்தார்.

பெண்ணின் அம்மா செம்பை அண்ணாந்து குடித்தாள். இசக்கித்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி நல்லாத்தான இருக்கு! கீழ போனா உப்புக் கரிக்கும்னு எங்க ஊர்ல பயங்காட்டிவிட்டாவ."

"ஆத்துத் தண்ணில்லா மைனி" என்றாள் இசக்கித்தாய். அவள் சொன்னதும் பொய்யில்லை. டேங்கரில் வந்தாலும் ஆற்றுத் தண்ணீர் ஆற்றுத் தண்ணீர்தானே.

சங்கிலிபூதத்தான் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "மூத்தவுக எங்க? உங்க அண்ணாச்சியக் காணலியே?"

கொம்பையா முந்திக்கொண்டார். "அண்ணன் திருச்செந்தூர் போயிருக்காவ. ஒரு நேர்ச்சை. முன்னாலயே வச்சது, மாத்த முடியல."

மணிராஜ் அப்பாவைப் பார்த்தான். கொம்பையா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"சரி, வயலை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்து கை நனைச்சிருவோம்" என்று எழுந்தார் சங்கிலிபூதத்தான். மனசுக்குப் பிடித்தால்தான் அந்த வீட்டில் சாப்பிடுவது. பிடிக்காவிட்டால் கை நனைக்காமல் கிளம்பிவிடுவார்கள். அடுப்பில் பதினைந்து பேருக்குச் சமையல் ஆகிக்கொண்டிருந்தது.

"பாதை சரியில்ல அண்ணாச்சி, சேறும் சகதியுமா..."

"நான் என்ன ஆபீசரா? சேத்துலயே பொறந்து வளந்தவம்வே. நடங்க."

எல்லாருமாகக் கால்வாய்க் கரையோடு நடந்தார்கள். முதலில் வருவது அண்ணன் தோட்டம், அதைத் தாண்டி ஒரு வாய்க்கால் தள்ளித் தம்பி தோட்டம். கொம்பையா மனசுக்குள் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனார். நோய் விழுந்துவிட்டது என்று சொல்லலாமா, இந்த வருஷம் கவனிக்க ஆள் இல்லை என்று சொல்லலாமா? எதுவும் நாக்கில் நிற்கவில்லை.

அதற்குள் சங்கிலிபூதத்தான் நின்றுவிட்டார். எதிரே அம்மையப்பனின் வாழை. இலை ஒவ்வொன்றும் கரும்பச்சையாய்ப் பாய் விரித்தது போல் அகன்று கிடந்தது. தார்கள் பாரம் தாங்காமல் முட்டுக்கம்பில் சாய்ந்து நின்றன.

"அடேயப்பா! இதுதானா?"

கொம்பையா திட்டம் போட்டுச் செய்யவில்லை. இதை அவருக்காக நாம் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் கேட்டது அந்த "அடேயப்பா"வை மட்டும்தான். எத்தனை வருஷமாயிற்று, அவர் நிலத்தைப் பார்த்து ஒரு விவசாயி அப்படிச் சொல்லி!

"ஆமா" என்றார்.

"யப்பா..." என்று மணிராஜ் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டான். கொம்பையா திரும்பவில்லை.

சங்கிலிபூதத்தான் விறுவிறுவென்று உள்ளே இறங்கிவிட்டார். நாலு வரிசை தாண்டியதும் அங்கே ஒருவர் அரிவாளால் சருகு கழித்துக்கொண்டிருந்தார். அழுக்கு வேட்டி, தலையில் துண்டு, முழங்கால் வரைக்கும் சேறு. ஆள் அரவம் கேட்டு நிமிர்ந்தார். அம்மையப்பன்.

"இது ஆரு?" என்று கேட்டார் சங்கிலிபூதத்தான்.

திருச்செந்தூரில் நேர்ச்சை செலுத்திக்கொண்டிருக்கிற அண்ணன் மூன்று முழத்தில் நிற்கிறார். கொம்பையாவின் வாய் தானாகப் பேசியது.

"தோட்டத்து ஆளு. நம்மகிட்ட வேலை பாக்கான்."

பாக்கான்! கூடப் பிறந்த மூத்தவரை "ன்" போட்டுச் சொன்ன அந்த நாக்கை என்ன செய்தால் தகும்? சொல்லி முடித்த பிறகுதான் கொம்பையாவுக்கே உறைத்தது.

அம்மையப்பன் தம்பியைப் பார்த்தார். மணிராஜைப் பார்த்தார். வந்திருக்கிறவர்களின் வெள்ளை வேட்டியையும் பட்டுச்சேலைகளையும் பார்த்தார். வீடு பார்க்க வந்திருக்கிறார்கள் என்பது புரிய அவருக்கு அவ்வளவு போதும். தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"வாங்க முதலாளி" என்றார் தம்பியிடம்.

மணிராஜ் வாயைத் திறந்தான். பெரியப்பா கண்ணாலேயே அவனை அடக்கினார்.

"ஏம்ப்பா, இந்தப் பக்கம் எல்லாம் உப்பு ஏறிட்டுன்னு சொல்லுதாவ. இது மட்டும் எப்படி இந்தப் போடு போடுது?" சங்கிலிபூதத்தான் ஒரு இலையைப் பிடித்து ஓரத்தைத் தடவிப் பார்த்தபடி கேட்டார்.

"இங்கன கால்வாய்த் தண்ணி மட்டுந்தான்யா பாயும். போர்த் தண்ணி ஒரு சொட்டு காட்டக்கூடாதுன்னு முதலாளி கண்டிசன். கால்வாய் சரியா வராத வருசம் பாதி நிலத்துக்கு வாழையே வைக்க மாட்டாவ. தக்கைப்பூண்டு விதைச்சு, பூக்க முன்னால மடக்கி உழுதிருவாவ, அதுவே உரம். மழை பேஞ்சா தேக்கி வச்சு வடிச்சு விடுவாவ, உப்பு கரைஞ்சு போயிரும்."

இது அத்தனையும் அம்மையப்பன் தன் கையால் செய்தது. டீக்கடையில் கொம்பையா "கஞ்சப்பய விவசாயம்" என்று கிண்டல் பண்ணியதும் இதைத்தான்.

"வெவரமான ஆளுதாம்வே நீரு!" என்று சங்கிலிபூதத்தான் கொம்பையாவின் முதுகில் தட்டினார். அந்தத் தட்டல் ஒவ்வொன்றும் அடி மாதிரி விழுந்தது. கொம்பையா பல்லைக் காட்டினார்.

"அது சரி, அந்தா அங்கன கருகிக் கிடக்கே, அது ஆரு தோட்டம்?"

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொம்பையாவின் வாழை பழுப்பும் மஞ்சளுமாக நின்றது. கொம்பையா காலடி மண்ணைப் பார்த்தார். மண் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. பதில் சொன்னது அம்மையப்பன்.

"அது எனக்குள்ளதுய்யா. எங்கப்பா விட்டுட்டுப் போன துண்டு நிலம். புத்தி கெட்டுப்போய் ஆழமா போர் போட்டேன், கடல் தண்ணி ஏறிட்டு."

"தண்ணி பாய்ச்சியுமா இப்படிக் கருகும்?"

"பாய்ச்சுனதாலதான்யா கருகுது. மண்ணுல உப்பு கூடிட்டுன்னா வேரு தண்ணிய இழுக்க முடியாது. ஈரத்துக்குள்ள நின்னுக்கிட்டே தாகத்துல சாவும். அது தெரியாம மேல மேல ஊத்திட்டேன்."

"ஒரு வார்த்தை முதலாளிகிட்டக் கேட்டுச் செய்யப்பிடாதா? இப்படி ஒரு ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு!"

"தப்புதான்யா" என்றார் அம்மையப்பன்.

வெயில் ஏறியிருந்தது. சங்கிலிபூதத்தான் கிணற்றடிப் பக்கம் நடந்து, "ஒரு வாய் தண்ணி குடிப்போம்" என்று மோட்டார்க் குழாயை நோக்கிக் குனிந்தார்.

"ஐயா, இருங்க இருங்க! வீட்டுக்கு வந்தவுகளுக்கு வெறுந்தண்ணியா? இளநீ வெட்டுதேன்."

அம்மையப்பன் அவ்வளவு அவசரமாகக் குறுக்கே வந்த பிறகுதான் கொம்பையா குழாயைக் கவனித்தார். குழாய் வாயில் வெள்ளையாக உப்புக் காரை பிடித்திருந்தது. தன் வீட்டுக் குழாயில் இருக்கிற அதே காரை. அப்பா காலத்திலிருந்து சர்க்கரையாகத் தித்தித்த கிணறு. உனக்கும் போவும், எனக்கும் போவும் என்று அண்ணன் அன்றைக்குச் சொன்னது நடந்தே விட்டது. உப்பை இழுத்துக்கொண்டு வந்தது தம்பி போட்ட போர். அண்ணன் அதைப் பற்றி ஊரில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அண்ணன் வெட்டிக் கொடுத்த இளநீரைக் கொம்பையா குடிக்காமல் வரப்பில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சங்கிலிபூதத்தான் கேட்காமலே இலையில் உட்கார்ந்தார். எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். இசக்கித்தாய்க்குப் பூரிப்பு தாங்கவில்லை, கூட்டை இரண்டு தடவை வைத்தாள். மணிராஜ் பரிமாறினான். அப்பா பக்கம் மட்டும் வரவில்லை.

வேன் ஏறும்போது சங்கிலிபூதத்தான் கொம்பையாவின் கையைப் பிடித்தார்.

"ஆவணியில நிச்சயம் வச்சிக்கிடுவோம் சம்பந்தி. எங்க பக்கம் ஒரு முறை உண்டு. தட்டு மாத்துதது வீட்டுக்கு மூத்தவுகதான். உங்க அண்ணாச்சி கையால தட்டு வாங்கணும்னு எனக்கு ஆசை. திருச்செந்தூர்ல இருந்து வந்ததும் நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"கண்டிப்பா" என்றார் கொம்பையா.

வேன் திரும்பியதும் மணிராஜ் பைக்கை எடுத்தான். "எங்கலே போற?" என்று கொம்பையா கேட்பதற்குள் தெருவைத் தாண்டிவிட்டான்.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கொம்பையா அண்ணன் வீட்டு வாசலில் நின்றார். ஐந்து வருஷமாக மிதிக்காத வாசல். காலில் விழுந்துவிடுவது என்றுதான் கிளம்பினார். அழுதாலும் பரவாயில்லை, நாலு பேர் பார்த்தாலும் பரவாயில்லை.

அம்மையப்பன் முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு நுரைக்கவில்லை. தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

"அண்ணே."

"வா."

"கிணறும் போச்சாண்ணே?"

"போன சித்திரையிலயே போச்சு."

"எங்கிட்டச் சொல்லக்கூடாதாண்ணே?"

"சொன்னா என்ன சொல்லியிருப்ப? வயிறு எரியுதுன்னு சொல்லியிருப்ப." கோபமில்லாமல்தான் சொன்னார். "சரி, கை நனைச்சாவளா?"

"நனைச்சாவ. ஆவணியில நிச்சயம். தட்டு மாத்த... மூத்தவுகதான் மாத்தணுமாம்."

அம்மையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பிள்ளை கிடையாது. மணிராஜைச் சைக்கிளில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதெல்லாம் அவர்தான்.

"நான் அன்னைக்கும் திருச்செந்தூர்லயே இருந்துக்கிடுதேன்லே. திடீர்னு மேலுக்குச் சொகமில்லன்னு சொல்லிரு. நீயே தட்டை மாத்திரு. பய வாழ்க்கை முக்கியம்."

அப்பாடா என்றிருந்தது கொம்பையாவுக்கு. "சரிண்ணே" என்று சொல்லியும்விட்டார். தெரு முனை வந்த பிறகுதான், தான் அண்ணன் காலில் விழவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை. காலையில் வேலைக்காரனாக்கியவரைச் சாயங்காலம் இல்லாத ஆளாக்கிவிட்டு, அதற்கு நிம்மதியும் பட்டுக்கொண்டு வருகிறோம் என்பது மண்டையில் ஏறியபோது, கொம்பையாவுக்குத் தன்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. திரும்பிப் போகலாமா என்று நின்றார். கால் வீட்டைப் பார்த்துத்தான் நடந்தது.

வீட்டு வாசலில் மணிராஜ் பைக் மேல் உட்கார்ந்திருந்தான். காதில் போன். அப்பாவைக் கண்டதும் இறங்கினான்.

"நான் சுப்ரஜாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேம்ப்பா."

"என்னத்தலே சொன்ன?"

"தொட்டித் தண்ணி, தோட்டம், பெரியப்பா. எல்லாம்."

"கோட்டிக்காரப் பயலே! அத்தனையும் பாழாப் போச்சே!"

"பாழாகல. அவ இன்னும் வீட்டுல சொல்லல. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். லைன்லதான் இருக்கா." போனை அப்பாவின் கையில் வைத்துவிட்டு அவன் உள்ளே போய்விட்டான்.

கொம்பையா போனைக் காதில் வைத்தார். அந்தப் பெண்ணின் குரலை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. சின்னக் குரல். அதில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"மாமா, நான் சுப்ரஜா. அப்பா வந்ததுல இருந்து உங்களைப் பத்தியேதான் பேசிக்கிட்டிருக்காவ. தோட்டத்து ஆளு சொன்னாம்னு எல்லாத்தையும் தெருவுல ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிப் பெருமைப்படுதாவ. நான் இதுவரைக்கும் எங்கப்பாகிட்டப் பொய் சொன்னதில்ல மாமா. இனிமே சொல்லணுமா? நீங்க சொல்லச் சொன்னா சொல்லுதேன்."

கொம்பையா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே இசக்கித்தாய் யாரிடமோ கல்யாண மண்டபம் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். போனில் அந்தப் பெண், "மாமா?" என்றாள்.